டிரவுட் தூண்டில், நீலகிரி ஏரிகளில்

குளிர்நீர் மீனான டிரவுட்டை இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சியால் பிடிக்கும் முறை. ஓசூரின் கெலவரப்பள்ளியும் கிருஷ்ணகிரி அணையும் இம்மீனுக்கு ஏற்றவையல்ல. நீரில் 20 பாகை செல்சியஸுக்கு மேல் வெதுவெதுப்பு நீடித்தால் அது தளர்ந்துவிடும். அந்நீர்த்தேக்கங்கள் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் உரியவை. தமிழ்நாட்டில் டிரவுட்டுக்கு முதன்மையான வாழிடம் நீலகிரியின் உயர்ந்த நீர்நிலைகள்தாம்.

1863இல் மருத்துவர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். ஹென்றி வில்சனின் உழைப்பால் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் உருவானது. வானவில் டிரவுட் இங்கே நிலைத்தது. பின்னர் குந்தா மின்திட்டத்துக்காக எழுந்த அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி நீர்த்தேக்கங்கள் அதற்குப் பரந்த நீரைத் தந்தன.

ஓடையில் மீன் ஓரிடத்தில் நின்று, ஓட்டம் கொண்டுவரும் இரையை எதிர்பார்க்கும். ஏரியில் அதுவே இரை தேடி உலவும். ஆகவே காற்றைக் கவனிப்பதே முதல் கலை. காற்று பூச்சிகளை எந்தக் கரைக்கு ஒதுக்குகிறதோ அங்கே டிரவுட்டும் வரும். பொய்ப்பூச்சிக்கு ஏறக்குறைய எடையே இல்லை. வீச்சைச் சுமப்பது கனத்த கயிறு. ஐப்பசி, கார்த்திகையில் நீர் குளிர்ந்தபின் ஆழத்திலிருக்கும் மீன் கரையோரம் மேய வரலாம். அப்போது கயிற்றை மெல்ல, விட்டுவிட்டு இழுப்பதே சிறந்தது.

டிரவுட் வெளியிலிருந்து வந்த வேட்டை மீன் என்பதை மறைக்கலாகாது: சோலை ஓடைகளின் சிற்றுயிர்கள் அதற்கு இரையாகின்றன. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் மீன்பிடிக்க அனுமதியில்லை.