வாடகைச் சவாரி ஓட்டுநரும் காப்பீட்டு இடைவெளியும்

வாடகைக்கு ஆள் ஏற்றும் ஓட்டுநர், கையில் செல்லுபடியாகும் பாலிசி இருந்தும் விபத்துக்குப் பிறகு அதன் பயனைப் பெற முடியாமல் போவதே காப்பீட்டு இடைவெளி. செயலி டாக்சிகள் நிறைந்த பெருநகரங்களின் சிக்கலாகவே இது பேசப்படுகிறது. ஆனால் திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூர் சாலையில் உள்ள தாடிக்கொம்பு போன்ற ஊர்களில்தான் அதன் எல்லா வடிவங்களையும் பார்க்கலாம். சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு வருவோருக்கும், பழனிக்கோ மதுரை விமான நிலையத்துக்கோ போவோருக்கும் மஞ்சள் போர்டு டாக்சி ஒரு வழி. தெரிந்தவரின் ‘ஓன் போர்டு’ கார் இன்னொரு வழி. அந்தக் காரை ஒரு நாள் சம்பளத்துக்கு ஓட்ட வருபவர் ஆக்டிங் டிரைவர். இந்த ஏற்பாட்டில் அடிபட்ட வழிப்போக்கர் பெரும்பாலும் கைவிடப்படுவதில்லை. சட்டம் அவரைக் காப்பாற்றிவிட்டு, மிச்சச் சுமை முழுவதையும் வண்டிக்காரர் தலையில் இறக்குகிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. 66-ஆவது பிரிவு வாடகை வண்டிக்குப் பெர்மிட் கேட்கிறது. தனியார் கார் பாலிசியிலோ வாடகைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை அச்சிடப்பட்டே வருகிறது. ஸ்வரண் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம், பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும் முறையை உறுதிப்படுத்தியது. பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படை மீறல் என்று 2018-இல் அம்ரித் பால் சிங் வழக்கில் கூறி, அங்கும் இதே முறையைக் கையாண்டது. அந்த வசூலுக்குத் தனி வழக்குகூட வேண்டாம். இழப்பீடு வழங்கிய விபத்துத் தீர்ப்பாயத்திலேயே நிறைவேற்று மனுப் போட்டால் போதும். உயிரிழப்பு வழக்கில் இழப்பீடு பல லட்சம் போகும். காரை விற்றாலும் அது அடையாது. சொந்த வண்டியின் சேதத்துக்கும் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. வாடகைக்கு ஓடிய தனியார் வண்டிக்கு ஒரு பகுதித் தொகையாவது தரும்படி 2010-இல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் டெல்லி வரை போய்ப் பெற்ற சலுகையைப் பாதுகாப்பு என்று சொல்வதற்கில்லை.

சட்டத்தை மீறியவருக்கு ஏன் பரிதாபப்பட வேண்டும், மஞ்சள் போர்டு வாங்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ரூ. 3,416. அதே கார் டாக்சியானால் ரூ. 7,940-உடன் பயணி ஒருவருக்கு ரூ. 978, நான்கு பேருக்குக் கணக்கிட்டால் ரூ. 11,852. நாள் முழுக்கச் சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த வேறுபாடு தவறில்லை. வீட்டுக் கார்க்காரர்கள் அந்த அபாயத்துக்குப் பணம் கட்ட வேண்டியதுமில்லை. சிக்கல், மாதத்துக்கு நாலு சவாரி போகும் வண்டிக்கு இரண்டுக்கும் நடுவே எதுவுமே இல்லாததுதான். 2022 ஜூலையில் ஓட்டும் தூரத்துக்கேற்ற கூடுதல் காப்பீட்டைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. அது சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டுமே, வாடகைத் தடையை அது தொடவில்லை.

மஞ்சள் போர்டு மாட்டினாலும் இடைவெளி முழுதாக அடைபடாது. ரூ. 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு, 2018 முதல், உரிமையாளரே ஓட்டுநராக இருந்தால்தான். ஆக்டிங் டிரைவர் இறந்தால் அந்தத் தொகையில் அவர் குடும்பத்துக்கு உரிமையில்லை. ஊழியர் இழப்பீடு தொடர்பான சட்டம் உதவும். அதற்கு அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்று நிரூபிக்க வேண்டும். போனில் கூப்பிட்டு, சாவியைக் கையில் கொடுத்து, இரவு ரொக்கமாகக் கூலி தரும் பழக்கத்தில் அதற்கு எந்தக் காகிதமும் மிஞ்சுவதில்லை.

செயலி நிறுவனமே காப்பீடு தருகிறதே என்பது அடுத்த மறுப்பு. மத்திய அரசின் 2020 நவம்பர் வழிகாட்டுதல்கள் ஓட்டுநருக்குக் குறைந்தது ரூ. 5 லட்சம் மருத்துவக் காப்பீடும் ரூ. 10 லட்சம் ஆயுள் காப்பீடும் கேட்டன. 2025 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதல்களிலும் அவை தொடர்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டும் உடம்புக்கும் உயிருக்கும்தான்; காரின் சேதத்துக்கோ காப்பீட்டு நிறுவனம் திரும்பக் கேட்கும் இழப்பீட்டுக்கோ அல்ல. தொலைபேசியில் பேசி முடிக்கும் தாடிக்கொம்புச் சவாரிக்கு இவை எட்டவும் எட்டாது. கலிஃபோர்னியா இந்த இடத்தில் நேர்த்தியாக வேலை செய்தது. பயணி ஏறாமல், செயலி மட்டும் திறந்திருந்த நேரத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கார் மோதிச் சிறுமி இறந்த பிறகு, 2014-இல் அந்தக் காத்திருப்பு நேரத்துக்கும் தனிக் காப்பீட்டுத் தொகையை அது சட்டத்தில் எழுதியது.

பைக் டாக்சியில் ஓட்டை இன்னும் பெரிது. மாநில அரசு ஒப்புக்கொண்டால் தனியார் பைக்கும் பயணி ஏற்றலாம் என்கின்றன 2025 வழிகாட்டுதல்கள். ஆனால் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள பைக்கில் பின்னால் இருப்பவருக்கு அது பொருந்தாது என்று 2006-இலேயே திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கார் மோதிய வழிப்போக்கருக்குக் கிடைத்த பாதுகாப்புகூட இங்கே பணம் கொடுத்து ஏறியவருக்கு இல்லை. அவர் குடும்பம் நேராக ஓட்டியவரிடம்தான் கேட்க வேண்டும். பைக்குக்கு அனுமதி தரும் அரசாணையிலேயே பின்னிருக்கைக் காப்பீட்டையும் நிபந்தனையாக்குவது மாநில அரசின் கையில்தான் இருக்கிறது.