வாள் செய்தவன் பெயரும் வழியில் மாண்டவர் பெயரும்

1945-ஆம் வருஷம் செப்டம்பர் 13-ஆம் தேதி, கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில், ஜப்பானியரின் 29-வது சேனைத் தளபதி இஷிகுரோ சரணடைந்தார். 1946 பிப்ரவரி 22-ஆம் தேதி அதே நகரில் ஜெனரல் இத்தகாக்கி தமது வாளை ஆங்கிலத் தளபதி மெஸ்ஸர்வியிடம் ஒப்புவித்தார். நம் தோட்டத்து மக்கள் கண்டு நடுங்கியது இத்தகைய வாள்களையே.

அவை யாவும் ஒரே தரத்தனவல்ல. யுத்த காலத்தில் தொழிற்சாலைகளில் ஏராளமாகச் செய்யப்பட்டவை பல. பாட்டன் பூட்டன் காலத்து அலகுக்குப் பட்டாளத்துப் பிடி மாட்டியவை சில. வெளித்தோற்றத்தில் வேற்றுமை தெரியாது. பின், செய்தவனை அறிவதெங்ஙனம்?

பிடியிலுள்ள மூங்கிலாணியைத் தட்டிக் கழற்றினால், உள்ளே மறைந்திருக்கும் இரும்புத்தண்டு வெளிப்படும். கொல்லன் தன் பெயரை அதில்தான் உளியால் வெட்டுவான். சிலர் ஊரும் வருஷமும் சேர்த்து வெட்டுவர். ஆயினும் பெயரைக் கண்டதும் நம்பிவிடுவது பேதைமை. புகழ்பெற்ற கொல்லர் பெயரைப் பிறர் வாளில் பொய்யாக வெட்டுவது அந்நாட்டில் நெடுநாளைய வழக்கம். பெருங்கொல்லன் மாசமுனேயோ பெயர் வெட்டியதே அரிது. நீண்ட வாளை அடியிற் குறைத்தபோது பெயரிழந்தவையும் உண்டு. ஆதலால் பரம்பரைச் சோதனையாளரான ஹொனாமி குடும்பத்தார் போன்றோர் வாளின் வளைவு, இரும்பின் ரேகை, களிமண் பூசிக் காய்ச்சி நீரில் தோய்த்ததால் கூரோரத்தில் படிந்த வெண்கோடு, அரத்தின் தடம் ஆகிய அனைத்தையும் பெயரோடு ஒத்துப்பார்த்தே முடிவு கூறினர். தண்டில் கறுத்துப்போன பழந்துருவும் ஒரு சாட்சியே. அழுக்கென்று எண்ணி அதைத் தேய்ப்பவன் சாட்சியைக் கொல்கிறான்.

ஒரு வாளுக்கு இவ்வளவு ஆராய்ச்சி! அவ்வாளேந்தியவர் ஆணையால் 1943-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட நம்மவர் பல்லாயிரவர் மாண்டனரே, அவர்கள் பெயர் எங்கே? காஞ்சனபுரியில் வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. நம்மவரிற் பெரும்பாலோர்க்குக் குழி உண்டு; கல் இல்லை.

நான் தோட்டத்துக் கிராணி. பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் பதிவதன் பொருளை அறிந்தவன். எந்தப் பழைய அலமாரியிலேனும் அக்காலத்துச் செக்ரோல் கிடக்குமாயின், கறையான் அரித்த காகிதமென்று எரித்துவிடாதீர்கள். அதிலுள்ள பெயர்களைப் படியெடுங்கள். வீட்டு முதியோர் சொன்னதைக் கேட்டெழுதி இரண்டையும் ஒத்துப்பாருங்கள். வாளைச் செய்தவனுக்குச் செய்த மரியாதையை, அவ்வாளுக்கு அஞ்சி ரயிலேறியவர்க்கும் செய்வது நம் கடனன்றோ!