மருத்துவச்சியிடமிருந்து நர்சம்மாவிடம்

மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் வானகரம், 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமமாகவே இருந்தது. சென்னை எழும்பூரில் 1844-லேயே பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தும், வானகரம் போன்ற சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிள்ளைப்பேறு வீட்டில்தான் நடந்தது. தூரம் ஒரு காரணம். ஆண் டாக்டர் தொடுவாரே என்ற கூச்சம் இன்னொன்று. அந்தக் கூச்சத்தை மதித்து, பெண்களே வைத்தியம் பார்க்கும் கோஷா ஆஸ்பத்திரியை டாக்டர் மேரி ஷார்லீப் 1885-இல் தொடங்கினார். அதுவும் பட்டணத்தில்தான் இருந்தது.

கிராமத்தில் மருத்துவச்சிதான் எல்லாம். கூலி நெல்லாகவோ புடவையாகவோ கிடைக்கும். கைராசிக்காரி என்று பேர் எடுத்தவளும் தொப்புள்கொடியைக் கையில் அகப்பட்ட அரிவாளாலோ கத்தியாலோதான் அறுத்தாள். பச்சிளம் குழந்தைகளுக்கு ரணஜன்னி கண்டது இப்படித்தான். இந்தியாவில் ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் 20 தாய்மார் இறந்ததாக 1946-இல் போர் (Bhore) குழு என்ற சுகாதார ஆய்வுக் குழு மதிப்பிட்டது.

அந்தக் குழு எடுத்துக்காட்டிய சுகாதார நிலையங்களில் ஒன்று, 1930-களின் பிற்பகுதியில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் பூந்தமல்லியில் அமைந்தது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல் வீடு தேடிப் போவதுதான் இத்தகைய நிலையங்களின் வழி. மருத்துவச்சியைப் பகைத்துக்கொண்டு கிராமத்தில் எதுவும் நடக்காது என்பதால், அவளுக்கே பயிற்சி கொடுத்துச் சோப்பும் பிளேடும் சுத்தமான நூலும் தரும் முறை நாடெங்கும் பரவியது. 1939-இல் வந்த சென்னை பொதுச் சுகாதாரச் சட்டம் தாய்சேய் நலத்துக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியது.

பின்னர் மருத்துவச்சியின் இடத்துக்குக் கிராம சுகாதார செவிலியர் வந்தார். ஊர் வாயில் அவர் நர்சம்மா. எந்த வீட்டு மருமகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று மாமியாரிடம் பேச்சுக் கொடுத்தே தெரிந்துகொள்வார். ஆனால் அவரது பதிவேட்டின் தொடர்ச்சியை முறிக்க ஒரு வழக்கம் இருந்தது: வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது. ஏழு மாதம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் பார்த்த பெண், வலி காணும்போது வேறு வட்டாரத்தில் இருப்பாள். கர்ப்பத்தைப் பதிவுசெய்யும்போது அரசு தரும், எங்கு போனாலும் கூடவே வரும் பிக்மி எண்தான் இந்தச் சிக்கலுக்கு வழி கண்டது. இன்று அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. வழக்கத்தைத் தடுப்பதைவிட அதற்குள் நுழைந்துகொள்வது எளிது என்பதை அலுவலர்கள் புரிந்துகொண்டதன் அடையாளம் இது.

ஏழைத் தாய்மாருக்கு 300 ரூபாய் தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் 1987-இல் வந்தது. தொகை 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என உயர்ந்தது. பதிவு, பிரசவம், தடுப்பூசி என ஒவ்வொரு படியிலும் தவணை கிடைக்கும்படி மாற்றினார்கள். ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியதற்குப் பணத்தை மட்டும் காரணமாகச் சொல்வது சரியாகாது. 2000-களின் நடுவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறைவைத்து இரவும் பகலும் இருக்கத் தொடங்கினார்கள். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. நள்ளிரவில் போனாலும் கதவு திறந்திருக்கும் என்ற நம்பிக்கை, எந்தப் பிரசாரத்தையும்விட அதிகம் சாதித்தது.

1998-99-இல் தமிழகத்தில் ஐந்தில் நான்கு பிரசவங்களே மருத்துவமனையில் நடந்தன, 2019-21-இல் 99.6 சதவீதம். லட்சம் பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய்மரணம் (2001-03), 2018-20-இல் 54 ஆனது. எஞ்சிய மரணங்களை மாவட்ட ஆட்சியர் அளவில் ஒவ்வொன்றாக விசாரிக்கிறார்கள். இறந்தவரின் குடும்பத்தாரையும் அழைத்து, எந்த மணிக்கு எங்கே போனார்கள், எங்கே தாமதமானது என்று கேட்டுப் பதிவுசெய்கிறார்கள்.