டெலவேர் காட்டிய வழி



பெருங்குடலின் உட்சுவரில் சிறு சதை மொட்டு ஒன்று முளைக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பல ஆண்டுகள் கழித்து அதுவே புற்றுநோயாக மாறக்கூடும். குழாய்க் கருவியால் உள்ளே பார்த்து, அம்மொட்டை அப்போதே அகற்றிவிட்டால், அது புற்றாக வளர வழியில்லை. அப்படியிருந்தும் ஏழைகளில் பலர் சோதனைக்கு வருவதில்லையே, ஏன்? இதற்கு விடை கண்டது அமெரிக்காவின் சிறு மாநிலமான டெலவேர்.

2001ஆம் ஆண்டில் அங்கே 50 வயதைத் தாண்டிய வெள்ளையரில் 100க்கு 58 பேர் இச்சோதனையைச் செய்திருந்தனர். கறுப்பினத்தவரில் 48 பேரே. அறியாமை என்று மக்கள்மேல் பழிபோட்டு அரசு இருந்துவிடவில்லை. காப்புறுதி இல்லாத, வருமானம் குறைந்தோரின் சோதனைச் செலவை ஏற்றது. மக்களுக்கு வழிகாட்ட மருத்துவமனைகளில் தாதியரை அமர்த்தியது. 'நோய் இருப்பது தெரிந்தால் மருத்துவத்துக்குப் பணம் ஏது?' என்ற அச்சம் எழும் அல்லவா? ஆகவே சிகிச்சைச் செலவுக்கும் பொறுப்பேற்றது.

2009இல் கறுப்பினத்தவரில் 100க்கு 74 பேர் சோதனை செய்திருந்தனர், வெள்ளையருக்குச் சமமாயினர். அவர்களிடையே இந்நோயால் ஆண்டுதோறும் நேர்ந்த மரணம் லட்சத்துக்கு 31இலிருந்து 18ஆகக் குறைந்தது.

மலேசியாவில், அரசாங்கக் கிளினிக்குகளில் 50 வயதைத் தாண்டியோருக்கு, மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காணும் சோதனை உண்டு. இரத்தம் தென்பட்டால்தான் குழாய்ச் சோதனை. நம் வீட்டுப் பெரியவர்கள் கூச்சப்படலாம். டெலவேரில் தாதியர் செய்த வேலையை வீட்டில் நாம் செய்வோம். உடன் அழைத்துச் செல்வோம்.