சத்திரத்தில் யாருக்கு இடம்?

வரலாற்று நூல்கள் எழுத மறந்தவற்றை ஊர்ப்பெயர்கள் பல வேளைகளில் நினைவில் வைத்திருக்கின்றன. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலை ஏறக்குறைய 60 கி.மீ. அதன் நடுவழியில் அமைந்திருக்கிறது ஒட்டன்சத்திரம். இன்று இப்பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது காய்கறிச் சந்தை. தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் புறப்படும் லாரிகள். ஆனால் ஊரின் பெயரில் சந்தை இல்லை, சத்திரம்தான் இருக்கிறது. பெயரின் முற்பகுதி, குளம் வெட்டியும் கல் உடைத்தும் வாழ்ந்த ஒட்டர் மக்களை நினைவூட்டுகிறது. இன்னும் சற்றுத் தொலைவு பழனி நோக்கிச் சென்றால் சத்திரப்பட்டி வருகிறது. ஒரே சாலையில் இரண்டு ஊர்கள் சத்திரத்தின் பெயரைத் தாங்கி நிற்பதற்குக் காரணம் எளிது. திண்டுக்கல்லில் விடியற்காலையில் புறப்பட்டு நடப்பவனுக்கு, பொழுது சாயும் நேரத்தில் கால் ஓயும் இடம் இதுவே.

பழைய சத்திரங்கள் பெரும்பாலும் ஊரின் நடுவில் கட்டப்படவில்லை. ஊருக்குப் புறத்தே, குளமோ கிணறோ அருகிருக்க, ஆலமர நிழலில், மாட்டு வண்டிகளை அவிழ்த்துவிட இடம் பார்த்துக் கட்டினார்கள். திருச்சியில் கோட்டைக்கு அருகில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் ஏறியிறங்கும் சத்திரம் பேருந்து நிலையத்தின் பெயரும் அவ்வாறு வந்ததே. ஊர்ப்புறத்தில் கட்டியதற்குத் தண்ணீரும் இடவசதியும் காரணங்கள் என்பது உண்மை. சொல்லப்படாத மற்றொரு காரணமும் உண்டென்று நான் கருதுகிறேன். இன்ன குலத்தவன் என்று தெரியாத ஒருவனைத் தன் தெருவுக்குள் இரவு தங்கவைக்க ஊர் அஞ்சியது. அவனுக்குச் சோறு போட அது தயங்கவில்லை. வீட்டுக்குள் அழைக்கவே தயங்கியது.

மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயர் இன்றும் மக்கள் வாயில் வாழ்வதற்குக் காரணம் அவர் நடத்திய போர்கள் அல்ல. சாலைகள், சாலையோர மரங்கள், சத்திரங்கள் ஆகிய மூன்றுமே அவரை நிலைநிறுத்தின. மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் அப்பெயருடனேயே இருக்கிறது. எளிய மக்களும் தம்மால் இயன்றதைச் செய்தனர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக இருந்தது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளின் பெயரால், வழிப்போக்கன் தன் தலைச்சுமையை இறக்கி வைப்பான். இறையியல் நூல்கள் எதுவும் கற்றறியாத மக்களின் இறையியல் அது.

சத்திரங்களைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள சான்றுகளுள் மிகச் சிறந்தது, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பெனியாரின் கைக்குப் போய்விட்டது. அந்நிலையிலும் தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களேனும் நிலைக்க வேண்டும் என்று மன்னர் மன்றாடுகிறார். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்கள் தங்கிச் சென்ற சத்திரங்கள் அவை. பிராமணர் முதல் பறையர் வரை எல்லாருக்கும் அங்கே சோறு உண்டு என்கிறார். சமைத்த சோற்றை ஏற்க விரும்பாதவருக்கு அரிசியாகவே கொடுப்பர். நோயுற்றவருக்கு மருத்துவர் இருந்தார். வழியில் பிள்ளை பெற்ற தாய்க்குப் பராமரிப்பு இருந்தது. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் யாரேனும் உளரோ என்று கூவி அழைத்து, வந்தவருக்கு உணவு அளித்த பிறகே அடுப்பு அணைந்தது.

அந்த நள்ளிரவு மணியை என்னால் எளிதில் மறக்க இயலவில்லை. எனினும் வரலாற்றை முழுமையாகப் பார்க்க வேண்டியது நம் கடமை. வழியில் இறந்துபோனவருக்கு அவரவர் சாதி முறைப்படியே இறுதிச் சடங்கு நடந்ததாக அக்கடிதம் கூறுகிறது. சாவிலும் சாதி கேட்ட காலத்தில், எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்திருப்பார்கள் என்று நம்ப இடமில்லை. தமிழகத்தின் வேறு பல சத்திரங்களிலோ இந்த அளவுப் பெருந்தன்மையும் இல்லை. பிராமணருக்கு மட்டுமே அன்னம் என்று சாசனத்திலேயே எழுதி வைத்தவை அவற்றுள் பல இருந்தன. ஆகவே சத்திரத்தின் வாயிலில் கேட்கப்பட்ட முதற்கேள்வி, "பசிக்கிறதா?" என்பதன்று, "நீ யார்?" என்பதே.

இக்கேள்வி நற்செய்தி நூலுக்குள்ளும் நம்மை அழைத்துச் செல்கிறது. மரியா தம் குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்தியதற்குக் காரணம் கூறும் லூக்கா, தங்குமிடத்தில் இடமில்லை என்கிறார். பழைய தமிழ் விவிலியத்தில் அவ்விடத்தில் வரும் சொல் 'சத்திரம்'. நாம் திருப்பலியில் வாசிக்கும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் அது 'விடுதி' ஆயிற்று. நல்ல சமாரியர் உவமையில், அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடமும் பழைய மொழிபெயர்ப்பில் 'சத்திரம்'தான். புதியதில் அது 'சாவடி'. கிரேக்க மூலத்திலோ இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். முதலாவது 'கத்தாலுமா', அதாவது விருந்தினர் தங்கும் அறை. ஆண்டவர் இறுதி இராவுணவு உண்ட அறையையும் லூக்கா இச்சொல்லாலேயே குறிக்கிறார். இரண்டாவது 'பாந்தொக்கேயோன்'. அதன் நேர்ப்பொருள், 'எல்லாரையும் ஏற்பது'. யூதனாயினும் சமாரியனாயினும், உயிர் ஊசலாடும் நிலையில் கொண்டுவரப்பட்ட பெயரற்றவனாயினும், கேள்வியின்றி ஏற்கும் இடம் என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது.

இச்சொல்லைத் தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் கட்டடமாகவே எழுப்பிக் காட்டினார்கள். எவ்வளவுக்கென்றால், திருச்சபையை வெறுத்த ஜூலியன் பேரரசர் 362இல் தம் குருக்களுக்கு எழுதிய மடலில், கலிலேயர்கள் தங்கள் ஏழைகளை மட்டுமின்றி நம் ஏழைகளையும் பேணுகிறார்களே என்று மனம் வெதும்பி, ஊர்தோறும் வழிப்போக்கர் இல்லங்களைக் கட்டும்படி ஆணையிட்டார். பகைவரின் வாயிலிருந்து வந்த இச்சான்று நம் மறையுரைகளில் போதிய அளவு எடுத்தாளப்படுவதில்லை.

மேலைத் திருச்சபையில் நாம் பெயரும் இடமும் அறிந்த முதல் சத்திரங்களுள் ஒன்று உரோமை நகருக்கு வெளியே, அதன் துறைமுகமான போர்த்துஸில் எழுந்தது. காலம் நான்காம் நூற்றாண்டின் இறுதி. கட்டியவர்கள் இருவர். ஒருவர் பம்மாக்கியுஸ், ஆட்சி மன்ற உறுப்பினர், மனைவி பவுலினா இறந்த பிறகு துறவியின் கருப்பு ஆடையுடன் மன்றத்துக்கு வந்து நகைப்புக்கு ஆளானவர். மற்றவர் ஃபபியோலா என்னும் செல்வச் சீமாட்டி. முதற்கணவரை விலக்கி மறுமணம் செய்து, பின்னர் மக்கள் முன்னிலையில் பொதுத் தவம் புரிந்தவர். உரோமையில் நோயாளர் இல்லம் ஒன்றையும் நிறுவியவர். கப்பலிலிருந்து இறங்கும் ஏழைக்கும் நோயாளிக்கும் அவர்களுடைய இல்லத்தில் படுக்கையும் உணவும் கிடைத்தன. இவர்கள் இருவரையும் பற்றி நமக்கு எழுதி வைத்தவர் புனித எரோணிமுஸ். ஒரே கோடையில் அவ்வில்லத்தின் புகழ் பிரித்தானியா வரை பரவியதென்று அவர் மகிழ்கிறார். பவுலினாவின் தாயான புனித பவுலாவோ பெத்லகேமில் சாலையோரத்தில் வழிப்போக்கர் இல்லம் ஒன்றைக் கட்டினார். மரியாவுக்கும் யோசேப்புக்கும் அவ்வூரில் இடம் கிடைக்காததே அதற்குக் காரணம் என்று எரோணிமுஸ் குறிப்பிடுகிறார். மருமகனும் மாமியாரும் கடலின் இரு கரைகளிலும் சத்திரம் கட்டிய குடும்பம் அது.

போர்த்துஸின் இடிபாடுகள் இன்று எங்கே இருக்கின்றன? உரோமையின் ஃபியூமிச்சினோ விமான நிலையத்தின் ஓரத்தில். 1961இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தில் இறங்கும் பயணிகள் பலர், விமானத்தின் சன்னல் வழியே திராயான் பேரரசர் வெட்டுவித்த அறுகோண வடிவத் துறைமுகக் குளத்தைப் பார்க்க முடியும். 2025 யூபிலி ஆண்டில் தமிழகத்திலிருந்தும் திருப்பயணிகள் உரோமை சென்று வந்தார்கள். நகருக்குள் அறை வாடகை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. ஆகவே இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் தங்குவது நகரின் புறத்தே, நெடுஞ்சாலையோரத்திலும் விமான நிலையத்தை ஒட்டியும் நிற்கும் மலிவு விடுதிகளில். இரட்டைப் படுக்கை, பிளாஸ்டிக் குவளை, காலையில் ரொட்டியும் காப்பியும். பேதுரு பெருங்கோவிலுக்குப் போக ஒரு மணி நேரம். நமக்கோ கஞ்சி இல்லாத காலை ஒரு காலையா? பயண முகவரைக் குறைகூறும் பெரியவர்கள், தாங்கள் படுத்தெழுந்த இடத்துக்கு அருகிலேயே ஃபபியோலாவின் சத்திரம் இருந்தது என்பதை அறிவதில்லை. வழிகாட்டிகளும் சொல்வதில்லை.

அவ்விடுதிகளின் வாயிலிலும் முதற்கேள்வி "நீ யார்?" என்பதே. தங்கும் ஒவ்வொருவரின் விவரத்தையும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இத்தாலிய நாட்டுச் சட்டம். உரோமை மாநகராட்சி 2011 முதல் ஒவ்வோர் இரவுக்கும் ஆள்வீதம் வரியும் பெறுகிறது. இதில் குறைகூற ஒன்றுமில்லை. பணம் கொடுத்தால் அறை. சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை. பழைய சத்திரத்தின் பந்திப் பிரிவினையை எண்ணிப் பார்க்கும்போது, காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்காத விடுதி ஒருவகையில் மேலானது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் காசு இல்லாதவன் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

உரோமையில் காசில்லாதவனையும் கணக்கில் சேர்த்தவர் புனித பிலிப் நேரி. 1548இல் அவர் தொடங்கிய மூவொரு கடவுள் திருப்பயணியர் தோழமைக் குழு, 1550 யூபிலி ஆண்டில் நாடோடிகளாய் வந்த ஏழைத் திருப்பயணிகளை வரவேற்று, அவர்களின் பாதங்களைக் கழுவி, மேசையில் அமர்த்திப் பரிமாறியது. அடுத்த யூபிலியான 1575இல் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே தங்கிச் சென்றனர். கர்தினால்களும் பிரபுக்களும் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு பணிவிடை செய்ததைக் காண மக்கள் கூடினார்கள். தங்கும் காலம் மூன்று நாள். 'திதக்கே' என்னும் தொடக்கக் கால நூலும் வழிப்போக்கருக்கு இரண்டு அல்லது மூன்று நாளே இடம் தரச் சொல்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம்மவர் கண்டறிந்த உண்மை மட்டுமன்று போலும்!

அதே உரோமையிலிருந்து வந்தவரே தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி. 1606இல் மதுரை சேர்ந்த அவர், உயர்குடியினர் தெருவில் தங்கும் பொருட்டுச் சந்நியாசியாகி, பிராமணச் சமையற்காரரை அமர்த்தினார். அதன் பயன்கள் பல. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் தங்கள் குருவை இரவின் மறைவில்தான் சந்திக்க முடிந்தது. அவர்களுக்கெனத் தனியே பண்டாரசாமிகள் 1640 முதல் அமர்த்தப்பட்டனர். விருந்தினராக வந்தவரே, தம் இல்லத்தில் யாரை ஏற்பது என்று ஊரைக் கேட்டு நடக்க வேண்டியிருந்தது. வடக்கன்குளம் கோவிலில் சாதிக்கொரு பகுதி பிரித்த சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிபட்டது. கல்லறைத் தோட்டத்தில் சுவர் இன்றும் நிற்கும் பங்குகள் தமிழகத்தில் உண்டு. இவற்றைச் சொல்லாமல் சத்திரத்துப் பந்தியை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது.

நம் சத்திரங்கள் மறைந்த கதை சுருக்கமானது. 1817ஆம் ஆண்டின் சென்னை மாகாண 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டப்படி, கோவில்களோடு சத்திரங்களின் அறக்கட்டளைகளையும் அரசின் வருவாய் வாரியம் மேற்பார்வைக்கு எடுத்துக்கொண்டது. அடுப்பு சிறிது சிறிதாக அணைந்தது. பின்னர் இரயில் வந்தது. திண்டுக்கல்-பொள்ளாச்சி இருப்புப்பாதை 1928இல் திறக்கப்பட்டபோது, ஒரு நாள் நடை சில மணி நேரமாகச் சுருங்கியது. நடுவழியில் இரவு தங்க வேண்டிய தேவையே பலருக்கு இல்லாமற்போயிற்று. கட்டடங்கள் அலுவலகமாகவும் பள்ளியாகவும் கிடங்காகவும் மாறின. ஓட்டலும் லாட்ஜும் வந்தன. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், ஓட்டலோடு தர்மசாலையையும் சராயையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே எவரையும் விலக்குவதைக் குற்றமாக்கியது. பந்தியைப் பிரிக்காதே என்று சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டது. சட்டம் வந்த பின்னரும் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளைகள் தொங்கியதை நம் பகுதியில் முதியோர் பலர் பார்த்திருக்கிறார்கள்.

அதே 1955இல் ஒட்டன்சத்திரத்தில் மருத்துவர் தாரியனும் மருத்துவர் ஜேக்கப் செரியனும் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினர். அவர்கள் கத்தோலிக்கர் அல்லர்; அதனால் அவர்கள் பணியை நாம் குறைவாகவே பேசுகிறோம் என்பது என் எண்ணம். மருத்துவமனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், விருந்தினரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. சத்திரத்தின் பெயர் தாங்கிய ஊருக்கு, சத்திரம் இவ்வுருவில் திரும்பி வந்தது எனலாம். படுக்கையும் உண்டு, மருந்தும் உண்டு, வெளித் திண்ணையில் நோயாளியின் உறவினர் விரித்த பாயும் உண்டு.

தை மாதம் பிறந்ததும் இச்சாலை நிறைந்துவிடும். பழனிக்கு நடந்து செல்லும் முருக பக்தர்கள், கடைத்திண்ணைகளிலும் மண்டபங்களிலும் சாலையோரத்திலும் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். இரவெல்லாம் சந்தையில் மூட்டை சுமந்தவர்களும் அவர்கள் நடுவே கண்ணயர்வார்கள். ஆவணியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம் மக்களுக்கும் வழியில் மோரும் நீரும் கொடுப்பவர்கள் பலர் இந்துக்களே. நம் பங்குகளிலோ இப்போது சமுதாயக் கூடங்கள் எழுந்துள்ளன. வாடகைப் பட்டியலும் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. பக்தர்கள் கடந்துசெல்லும் இரவுகளில் வளாகத்தின் வெளிக்கதவைத் திறந்து வைக்கும் பங்குகள் உண்டு. எட்டு மணிக்கே பூட்டிவிடும் பங்குகளும் உண்டு. தண்ணீர்க் குழாயின் சாவி பெரும்பாலும் உபதேசியாரிடம் இருக்கும்.