மாதுங்கா தந்த கோல் காவலர்

"பந்து விளையாட்டு சோறு போடுமா?" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாத பெற்றோர் நம் காலனியில் அரியர். அக்கேள்விக்கு நம் மாதுங்காவே ஒருமுறை விடை அளித்திருக்கிறது. அவ்வரலாற்றை இம்மலர் வாயிலாக நினைவூட்ட விழைகிறோம்.

எஸ். எஸ். நாராயண் 1934 நவம்பர் 12-ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்த ஒற்றப்பாலத்தில் பிறந்தார். 'பாபு' என்பது அன்பர்கள் இட்ட பெயர். மாதுங்கா அதலெடிக் கிளப், மாதுங்கா ஸ்டூடண்ட்ஸ் ஆகிய அணிகளில் ஆடிப் பயின்று, பின்னர் கால்டெக்ஸ், டாட்டா அணிகளின் கோல் காவலரானார். கூடைப்பந்தாட்டத்திலும் வல்லவர்.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியில் பீட்டர் தங்கராஜும் நாராயணும் கோல் காவலர்கள். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். டிசம்பர் 1-ஆம் நாள் ஆஸ்திரேலியாவை 4-2 என நம்மவர் வென்றனர். பம்பாயின் நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அவ்வருமை படைத்த முதல் ஆசியர் அவரே. நான்காவது கோலைக் கிட்டு என்னும் கிருஷ்ணசாமி போட்டார். அரையிறுதியில் நெவில் முதலில் கோல் போட்டும் யுகோஸ்லாவியா 4-1 என வென்றது. வெண்கலப் பதக்க ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 எனத் தோற்று, நான்காம் இடம் பெற்றோம். அதனினும் உயர்ந்த இடத்தை இந்தியக் கால்பந்து ஒலிம்பிக்கில் எட்டியதில்லை. நாராயண் 1960-இல் ரோம் ஒலிம்பிக் அணியிலும் இடம் பெற்றார். 1964-இல் சென்னையில் ஆந்திரப் பிரதேசத்தை 1-0 என வென்று சந்தோஷ் கோப்பையைக் கைக்கொண்ட மகாராஷ்டிர அணியிலும் அவர் இருந்தார்.

இவர்கள் எதனைக் கொண்டு வாழ்ந்தனர்? அதே காலத்தில் இங்கிலாந்தில் பந்தாட்டம் ஒரு தொழில். ஆயினும் எத்துணைப் புகழ் பெற்ற ஆட்டக்காரரும் வாரத்திற்கு 20 பவுனுக்கு மேல் ஊதியம் பெறலாகாது என்ற விதி 1961 வரை நின்றது. நம் நகரிலோ ஆட்டத்திற்கெனத் தனி ஊதியம் இல்லை. எண்ணெய்க் கம்பெனிகளும் ஆலைகளும் இரயில்வேயும் ஆட்டக்காரருக்கு வேலை தந்து அணிகளை வளர்த்தன. 1958-இல் ரோவர்ஸ் கோப்பையை வென்ற கால்டெக்ஸ் அத்தகைய கம்பெனி அணியே. ஆகவே, பந்து நேராகச் சோறு போடவில்லை. சோறு போடும் வேலைக்கு வழி திறந்தது. இரயில்வே அலுவலகத்தில் பணிபுரியும் நாம், விளையாட்டுத் திறத்தால் பணி பெற்று நம் பக்கத்து மேசையில் அமர்ந்திருப்பவரை நாள்தோறும் காண்கிறோம்.

கால்டெக்ஸ் 1976-இல் நாட்டுடைமை ஆயிற்று. கம்பெனி அணிகள் பலவும் ஒவ்வொன்றாக மறைந்தன. நாராயண் அவர்களும் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தாணேயில் காலமானார். கோல் போட்டவர் பெயர் ஊர்வாயில் நிற்கும்; கோலைத் தடுத்தவர் பெயர் எளிதில் மறையும். நம் பேட்டையில் வளர்ந்த ஒருவரை நாமும் மறப்பது முறையன்று.

பெற்றோர்களே! பாடம் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும், மாலையில் பந்துடன் புறப்படும் பிள்ளையைத் தடுக்குமுன் மாதுங்காவின் பாபுவை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அச்சிறுவனுக்கு இவ்வரலாற்றையும் சொல்லி அனுப்புங்கள்.