'தரிபத் யதாக': திட்டா, பரிவா?

சென்ற மாதம் ஹதீஸ் வகுப்பில் நாவடக்கம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. மனிதர் பேசும் பேச்சுக்கும் விசாரணை உண்டா என்று முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் வினவியபோது, நபி (ஸல்) அவர்களின் மறுமொழி 'ஸகிலத்க உம்முக' என்றே தொடங்குகிறது. 'உன் தாய் உன்னை இழக்கட்டும்' என்பது அதன் நேர்ப்பொருள்.

மாணவன் ஒருவன் எழுந்தான். "ஹஜ்ரத், நாவைக் காக்கச் சொல்லும் ஹதீஸிலேயே ரஸூலுல்லாஹ் தம் தோழரைச் சபித்தார்களா?"

அக்கேள்வியில் குறும்பு இல்லை; கலக்கமே இருந்தது. மழுப்பினால் அக்கலக்கம் அவன் உள்ளத்திலேயே தங்கிவிடும் என அஞ்சினோம். ஆகவே, வீட்டில் நன்னிமா அவனை எப்படித் திட்டுவார்கள் என்று திருப்பிக் கேட்டோம்.

"நாசமத்துப் போறவனேன்னு சொல்லுவாங்க."

"அப்புறம்?"

"சோறு போடுவாங்க."

வகுப்பே சிரித்தது. பாதி விளக்கத்தை அவனே கூறிவிட்டான். அச்சொல்லை 'நாசம் அற்றுப் போ' என்று பிரித்து வாழ்த்தாகக் கொள்வோரும் உண்டு. எப்படிப் பிரித்தாலும் பேரனின் அழிவை நன்னிமா வேண்டவில்லை என்பதை அவன் அறிவான்.

அரபியர் வழக்கும் இத்தகையதே. 'தரிபத் யதாக' என்பதற்கு 'உன் இரு கைகளும் மண்ணாகட்டும்', அதாவது வறுமையுறுக என்பது பொருள். மார்க்கப்பற்றுள்ள பெண்ணையே மணமுடிக்குமாறு அறிவுறுத்தும் நபிமொழி இச்சொல்லோடுதான் முடிகிறது. கி.பி. 1277-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் இதனையும் 'லா அப லக' (உனக்குத் தந்தை இல்லாது போகட்டும்) போன்றவற்றையும் ஒருங்கே எடுத்துக்காட்டி, வியப்பிலும் கண்டிப்பிலும் தூண்டுதலிலும் அரபியர் இவற்றை நேர்ப்பொருள் கருதாமலே வழங்கினர் என்று விளக்குகிறார்கள். இந்த ஒரு வரியை அடிக்குறிப்பாகவேனும் சேர்க்காமல் ஹதீஸ் மொழிபெயர்ப்புகளைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது குறையே என்பது நம் கருத்து.

பிள்ளைகளை மிகவும் கவர்ந்தது அபூதர் (ரலி) அவர்களின் செய்தி. கலிமாவில் உறுதியோடு மரணிப்பவர் பெரும்பாவம் செய்திருப்பினும் சுவனம் புகுவாரா என்று அவர்கள் வியந்து வியந்து கேட்டார்கள். 'அபூதரின் மூக்கு மண்ணில் பட்டாலும் சரியே' என்னும் கருத்தில் நபியவர்கள் மறுமொழி கூறினார்கள். பின்னாளில் இந்த ஹதீஸை அறிவிக்கும்போதெல்லாம் அபூதர் அச்சொல்லையும் விடாமல் சேர்த்தே கூறுவார்களாம். வசையாகக் கருதியிருந்தால் அதனை இவ்வளவு பேணியிருப்பார்களா?

"அப்படியானால் நாங்களும் சொல்லலாமா?" என்றாள் ஒரு சிறுமி. கூடாது என்றோம். சொல்லின் கடுமையைக் களைந்தது அக்கால வழக்கு. அவ்வழக்கு இல்லாத இடத்தில் அதே சொல் கேட்பவரைச் சுடும். தம் பிள்ளைகளுக்கு எதிராகப் பிரார்த்திக்க வேண்டாம் என்ற நபிமொழியும் நம் முன் இருக்கிறது.

வீட்டு மூத்தோரின் பழஞ்சொற்களை எழுதிவரச் சொன்னோம். 'என் நாயனே', 'தோபா தோபா', 'ஹயாத்தோட இரு' எனப் பலவும் வந்தன. கேள்வி கேட்ட மாணவன் மட்டும் வெறுங்கையோடு வந்தான். தரிபத் யதாகவைப் பற்றி நன்னிமாவிடம் விளக்கினானாம். முழுவதும் கேட்டுவிட்டு, "போடா நாசமத்தவனே, சோறு ஆறுது" என்றார்களாம்.